முகமதிப்பும் முகமும்: தென்காசி – குற்றாலம் வட்டாரச் சிறுமுதலீட்டாளர் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு பங்கைப் பல பங்குகளாகப் பிரிப்பதனால் நிறுவனத்தின் மதிப்பு மாறுவதில்லை. எனினும் சிறுமுதலீட்டாளர் அதனை ஆதாயமாகவே வரவேற்கின்றனர். நிறுவனத்தின் கணக்கைக் காட்டிலும் அதனை நடத்துபவரின் பெயரை நம்பிப் பணம் இடுவதும் அவர்களிடையே பரவலாகக் காணப்படும் போக்காகும். தென்காசியும் குற்றாலமும் அண்மைக்காலம் வரை அடங்கியிருந்த திருநெல்வேலிச் சீமையில் தோன்றிய சுதேசி நாவாய்ச் சங்கம் (1906), தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி (1921) ஆகிய இரண்டையும் முன்வைத்து இப்போக்குகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பங்குப் பிரிப்பு, போனஸ் பங்கு, முகமதிப்பு, சிறுமுதலீட்டாளர், மகமை, நிதி மேலாளர்.

பங்கைப் பிரித்தல்

பத்து ரூபாய் முகமதிப்புள்ள பங்கு ஒன்று இரண்டு ரூபாய் வீதம் ஐந்தாகப் பிரிக்கப்பட்டால், 1,000 ரூபாய்க்கு விற்ற பங்கு 200 ரூபாய்க்கு விற்க வேண்டும். முதலீட்டாளர் கையில் ஒன்றுக்கு ஐந்து பங்குகள் இருக்கும். நிறுவனத்தில் அவருக்குரிய விழுக்காடு முன்பிருந்ததே. போனஸ் பங்கில் முகமதிப்பு குறைவதில்லை. நிறுவனம் சேர்த்து வைத்த காப்புநிதி, மூலதனக் கணக்குக்கு மாற்றப்பட்டுப் புதிய பங்குகளாக வழங்கப்படுகிறது. கணக்கியல் வழி வேறாயினும் முதலீட்டாளருக்கு விளையும் பயன் ஒன்றே.

இது குறித்த முதன்மையான ஆய்வு 1969இல் ஃபாமா, ஃபிஷர், ஜென்சன், ரோல் ஆகிய நால்வரால் வெளியிடப்பட்டது. நியூயார்க் பங்குச் சந்தையில் 1927 முதல் 1959 வரை நிகழ்ந்த 940 பிரிப்புகளை அவர்கள் ஆராய்ந்தனர். விலையேற்றம் பெரும்பாலும் பிரிப்புக்கு முன்னரே முடிந்துவிடுகிறது என்பதும், பிரிப்பைச் சந்தை வரவிருக்கும் ஈவுத்தொகை உயர்வின் அறிகுறியாகக் கொள்கிறது என்பதும் அவர்களது முடிவு. இந்தியாவில் நெடுங்காலம் பங்கின் முகமதிப்பு 10 அல்லது 100 ரூபாய் என்றே இருந்தது. 1999இல் செபி அக்கட்டுப்பாட்டைத் தளர்த்தி, ஒரு ரூபாய்க்குக் குறையாத எந்த முழு ரூபாயையும் முகமதிப்பாக வைத்துக்கொள்ள இசைவளித்தது. அதன் பின்னரே பிரிப்பு இங்கு வழக்கமான நிகழ்வாயிற்று. பிரிக்காத நிறுவனங்களும் உண்டு. சென்னையின் எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் பத்து ரூபாய்ப் பங்கு, 2023 ஜூன் 13 அன்று ஒரு லட்சம் ரூபாயைக் கடந்தது.

பங்கின் அலகை எவ்வளவு சிறிதாக வைப்பது என்ற வினா 1999இல் பிறந்ததன்று. திருநெல்வேலிச் சீமை அதனை நூறாண்டுக்கு முன்னரே எதிர்கொண்டது.

இருபத்தைந்து ரூபாய்ப் பங்கு

கூட்டுப்பங்கு நிறுவனம் என்ற அமைப்பைக் குற்றாலம் முதலில் கண்டது அதற்கும் முன்பு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கும்பினி அங்குச் சாதிக்காய், கிராம்பு முதலிய நறுமணப் பயிர்களை வளர்த்துப் பார்த்தது. கும்பினியின் பங்குதாரர்கள் இலண்டனில் இருந்தனர். குற்றாலத்தவருக்கு அதில் உழைப்பன்றி வேறு பங்கில்லை. உள்ளூரார் பங்குதாரராகும் வாய்ப்பை விரிவாகத் திறந்தது, 1906 அக்டோபர் 16 அன்று பதிவான சுதேசி நாவாய்ச் சங்கமே.

அதன் மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கொன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஆசியர் எவரும் வாங்கலாம் என்பது விதி. மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவராக அமைந்தார். கப்பல் வாங்கும் தொழிலுக்கு 25 ரூபாய் மிகச் சிறிய அலகு. ஆலைத் தொழிலாளிக்கு அது எளிதில் எடுத்து வைக்கும் தொகையன்று. ஆனால் கடைக்காரரும் வழக்குரைஞரும் ஆசிரியரும் எட்டிப் பிடிக்கக்கூடியது. கப்பலில் தமக்கும் ஓர் உரிமை உண்டு என்ற எண்ணத்தை அத்தொகை விற்றது எனலாம். எனினும் பங்கேட்டின் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளை, அதாவது மூலதனத்தில் ஐந்தில் ஒரு பகுதியை, இரண்டு லட்சம் ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். அலகு சிறிதாவதும் உடைமை பரவுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதுவே சான்று.

இந்நிறுவனத்தின் முகம் வ. உ. சிதம்பரம் பிள்ளை. கப்பலின்றித் திரும்புவதில்லை என்று சூளுரைத்து அவர் பம்பாய் சென்றதாக வழங்கும் செய்தி, முதலீட்டாளர் எதனை நம்பினர் என்பதைக் காட்டுகிறது. 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்தன. போட்டியாளரான பிரிட்டிஷ் இந்தியா நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தது. ஆழமான பணப்பை உள்ள நிறுவனத்துடன் கட்டணப் போரில் இறங்குவது வரவு செலவு நோக்கில் ஆபத்தானது. ஆயினும் அக்காலப் பங்குதாரர் பலருக்கு ஈவுத்தொகை முதல் நோக்கமாக இருந்திருக்க இயலாது. இங்குதான் இடர்ப்பாடு. தலைவரின் புகழால் மூலதனம் திரண்டது. அவரது அரசியலால் நிறுவனத்தின் இயக்குநர் சிலர் கலக்கமுற்றனர். பங்கு விற்ற பெயரும் நிறுவனத்தை அச்சுறுத்திய பெயரும் ஒன்றாகவே இருந்தன.

1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலியில் எழுந்த கிளர்ச்சியில் அரசு அலுவலகங்கள் எரிந்தன. காவலர் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஒரு நிறுவனத்தின் நிர்வாகி விலக நேர்ந்தமைக்குப் பொதுமக்கள் ஆற்றிய எதிர்வினையாக மட்டும் இதனைக் கருதுவது பிழையாகும். ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தமும் விபின் சந்திர பாலரின் விடுதலையும் அதில் கலந்திருந்தன. ஆனால் நாவாய்ச் சங்கத்துக்கு விளைந்தது தெளிவு. ஜூலை 7 அன்று இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 1911இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. காலியா, போட்டி நிறுவனத்திடமே விற்கப்பட்டது. 1912 இறுதியில் வ.உ.சி. விடுதலையானபோது நடத்துவதற்கு ஒரு நிறுவனம் இல்லை.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டையைச் சேர்ந்தவர். அவ்வூர் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. 1956இல் தமிழகத்துடன் இணைந்து, 2019 நவம்பர் முதல் தென்காசி மாவட்டத்தில் உள்ளது. பொது நினைவில் அக்கொலை கப்பல் நிறுவனத்தின் வீழ்ச்சிக்குப் பழிவாங்கலாக நிற்கிறது. வாஞ்சிநாதனிடம் கிடைத்த கடிதமோ அந்நிறுவனத்தைக் குறிப்பிடவில்லை. தியாகத்தின் ஒளியில் பங்குதாரர் மறைந்துபோயினர். இருபத்தைந்து ரூபாய் இட்டுத் திரும்பப் பெறாத சாமானியரை நோக்கி வரலாற்றாய்வு இன்னும் போதிய அளவு திரும்பவில்லை.

மகமையிலிருந்து வங்கிக்கு

தனிமனிதப் புகழைச் சாராத மற்றொரு வழியும் இதே நிலப்பகுதியில் உருவாயிற்று. நாடார் வணிகர் தம் உறவின்முறைகளில் சரக்கின் மீது மகமை பிரித்துப் பொதுநிதி சேர்த்தனர். அந்நிதியிலிருந்து பேட்டைகளும் பள்ளிகளும் எழுந்தன. 1910இல் தோன்றிய நாடார் மகாஜன சங்கத்தின் தூத்துக்குடி மாநாட்டில் வங்கி அமைக்கும் கருத்து உருப்பெற்றது. 1921 மே 11 அன்று நாடார் வங்கி பதிவாகி, நவம்பர் 11 அன்று தூத்துக்குடியில் திறக்கப்பட்டது. 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாறியது. சுரண்டை, ஆலங்குளம், பாவூர்சத்திரம் போன்ற சந்தை ஊர்களின் வணிகருக்கு இவ்வங்கியின் பங்கு முதலீடு மட்டுமன்று. மகமைச் சீட்டின் தொடர்ச்சியும் ஆகும். வீட்டுப் பெட்டியில் பத்திரத்தோடு பத்திரமாகக் கிடந்த அதனை விற்பது குறித்து எண்ணியவர் குறைவு.

விற்றவர்கள் இருந்தமையால்தான் 1990களின் நெருக்கடி நேர்ந்தது. பங்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பகுதி, முதலில் எஸ்ஸார் குழுமத்தின் கைக்கும் பின்னர் சி. சிவசங்கரனின் ஸ்டெர்லிங் குழுமத்தின் கைக்கும் சென்றது. அப்பரிமாற்றத்துக்கு ரிசர்வ் வங்கி ஒப்புதல் அளிக்கவில்லை. பங்குகளை மீட்கச் சமூகத்தார் ஊர்தோறும் நிதி திரட்டினர். ஒரு பகுதி மீண்டது. வழக்குகள் பல ஆண்டுகள் நீண்டன. சந்தை விலை என்ற ஒன்று வெளிப்படையாக இல்லாத பங்கை, அதன் உண்மை மதிப்பு அறியாது கைவிட்டவர்களும் அவர்களுள் இருந்தனர் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

ஒன்றுக்கு ஐந்நூறு

அக்காலத்தில் வங்கியின் மொத்தப் பங்குகள் 2,84,454 மட்டுமே. பத்து ரூபாய் வீதம் செலுத்தப்பட்ட மூலதனம் 28.4 லட்சம் ரூபாய். பல தலைமுறை இலாபம் காப்புநிதியாகக் குவிந்திருந்த வங்கிக்கு இது விந்தையான எண். பொதுப் பங்கு வெளியீட்டுக்குச் சில ஆண்டுகள் முன்பு, ஒரு பங்குக்கு 500 போனஸ் பங்குகள் வழங்கப்பட்டன. எண்ணிக்கை 14,25,11,454 ஆயிற்று, மூலதனம் 142.5 கோடியைத் தாண்டியது. எவருடைய விழுக்காடும் மாறவில்லை.

ஆயினும் எதுவுமே மாறவில்லை என்று கூறுவது பொருந்தாது. 2022 செப்டம்பரில் 1,58,40,000 புதிய பங்குகள் 510 ரூபாய் வீதம் வெளியிடப்பட்டன. போனஸ் வழங்கப்படாதிருப்பின், அதே கணக்கில் பழைய பங்கு ஒன்றன் விலை 2,55,510 ரூபாய் ஆகியிருக்கும். சிறுமுதலீட்டாளர் பிரிவில் விண்ணப்பிக்கும் உச்சவரம்போ இரண்டு லட்சம். அதாவது ஒரே ஒரு பங்கைக் கூட அப்பிரிவில் எவரும் கேட்டிருக்க முடியாது. போனஸுக்குப் பின் 28 பங்குகள் கொண்ட தொகுதி 14,280 ரூபாய்க்குக் கிடைத்தது. பிரிப்பு மதிப்பை உண்டாக்காது என்ற நூல்வழக்குச் சரியே. ஆனால் உள்ளே யார் வரலாம் என்பதை அது தீர்மானிக்கிறது. சிறுமுதலீட்டாளருக்கென ஒதுக்கிய பகுதிக்கு ஆறு மடங்குக்கு மேல் விண்ணப்பங்கள் குவிந்தன. நிறுவன முதலீட்டாளர் பகுதி இரண்டு மடங்கை எட்டவில்லை. பட்டியலிட்ட முதல் நாள் விலை வெளியீட்டு விலையை ஒட்டியே நின்றது.

மேலாளரின் பெயர்

வங்கிப் பங்கில் சமூகத்துக்கிருந்த இடத்தைப் பரஸ்பர நிதியில் மேலாளரின் பெயர் நிரப்புகிறது. 1994 ஜனவரியில் மார்கன் ஸ்டான்லி வளர்ச்சி நிதி பத்து ரூபாய் அலகில் வந்தபோது நாடெங்கும் வரிசைகள் நீண்டன. அயல்நாட்டுப் பெயர் ஒரு காரணம். பத்து ரூபாய் என்ற எண் மற்றொன்று. முகமதிப்பில் கிடைக்கும் பங்கு சந்தையில் உடனே ஏறும் என்ற பழைய அனுபவத்தை மக்கள் நிதி அலகுக்கும் பொருத்தினர். ஓர் அலகு என்பது அடியிலுள்ள பங்குகளின் மதிப்பேயன்றி வேறன்று. அது மலிவாக இருக்க வழியில்லை. சந்தைக்கு வந்தபின் அவ்வலகு நெடுங்காலம் தன் சொத்து மதிப்புக்குக் கீழே விற்றது. பத்து ரூபாய் அலகுகள் கொண்ட யூ.எஸ்.-64 திட்டத்தின் கதவு 2001 ஜூலையில் மூடப்பட்டபோது, அரசின் பெயரை நம்பிய ஓய்வூதியரே மிகுதியும் தவித்தனர். இலண்டனில் நீல் உட்ஃபோர்டின் நிதி 2019 ஜூனில் முடங்கிய முறையும் ஏறத்தாழ இதுவே: எளிதில் விற்க இயலாத பங்குகள், பெயரைக் கண்டு சேர்ந்த பணம், ஒரு பெரிய முதலீட்டாளர் வெளியேற முயன்ற நாள்.

இன்று தென்காசிப் பகுதியின் மிகப் புகழ்பெற்ற தொழில் பெயர் ஸ்ரீதர் வேம்பு. மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்தும் சோஹோ நிறுவனத்தின் பங்கு எந்தச் சந்தையிலும் பட்டியலிடப்படவில்லை. ஆதலின் புகழைப் பங்காக வாங்கும் வாய்ப்பு உள்ளூராருக்கு இல்லை; அங்கு அப்புகழ் வேலைவாய்ப்பாகவே வந்து சேர்கிறது.

பழைய தாள் பங்குகளின் நிலை வேறு. 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டப்படி, தொடர்ந்து ஏழாண்டுகள் ஈவுத்தொகை கோரப்படாத பங்குகள் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்கு மாற்றப்பட வேண்டும். பாட்டன் விட்டுச் சென்ற இரண்டு பங்குகள் 1,002 ஆகப் பெருகியிருப்பதை அறியும் பேரன், முதலில் வாரிசுச் சான்றுடன் அந்நிதியத்திடம் மனுச் செய்ய நேரலாம்.