இணையம் படிக்கும் கணிப்பொறி: சொல்லும் பொருளும்

கணிப்பொறிக்கு உலகறிவு புகட்டும் முயற்சிகளை இருவகையாகப் பகுக்கலாம். அறிவுக் கூற்றுகளை மனிதரே எழுதித் தருவது ஒன்று. பனுவல்களைப் படித்துக் கணிப்பொறியே அவற்றைத் திரட்டுவது மற்றொன்று. டக்ளஸ் லெனட் 1984இல் தொடங்கிய சைக் திட்டம் முதல் வகையைச் சார்ந்தது. இரண்டாம் வகையின் வரலாறோ, சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவே இத்துறையின் மையச் சிக்கல் என்பதைப் புலப்படுத்துகிறது.

1992இல் மார்ட்டி ஹெர்ஸ்ட், ‘போன்ற’ என்பதற்கு நிகரான ஆங்கிலத் தொடரமைப்புகளைக் கொண்டு, இனப்பெயருக்கும் அதில் அடங்கும் பெயர்களுக்கும் உள்ள உறவைப் பனுவல்களிலிருந்து பெறலாம் என நிறுவினார். ஆங்கிலத்தில் இனப்பெயர் முன்னும் சான்றுகள் பின்னும் வரும். தமிழில் ‘மதுரை, தஞ்சை போன்ற நகரங்கள்’ என அம்முறை மாறும். எனவே இவ்வமைப்புகளை மொழிபெயர்த்துக்கொள்ள இயலாது. அந்தந்த மொழியின் தொடரியலிலிருந்தே பெறவேண்டும். 1998இல் செர்ஜி பிரின், நூல்–ஆசிரியர் இணைகள் ஐந்தைக் கொண்டு தொடங்கி, இணைகளால் அமைப்புகளையும் அமைப்புகளால் புதிய இணைகளையும் கண்டறியும் சுழல்முறையை விளக்கினார்.

இவ்விரு கருத்துகளையும் இணைத்து விரிவாக்கியது, கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செல் குழுவினர் 2010 ஜனவரியில் இயக்கத் தொடங்கிய ‘நெல்’ ஆகும். ‘முடிவிலா மொழிகற்றல்’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துச் சுருக்கம் இது. 123 வகைமைகள், 55 உறவுகள், ஒவ்வொன்றுக்கும் 10 முதல் 15 வரையிலான சான்றுகள் ஆகியவற்றுடன், 50 கோடி ஆங்கில இணையப் பக்கங்கள் அதற்கு அளிக்கப்பட்டன. தொடரமைப்பு, பக்கங்களில் உள்ள பட்டியல்கள், சொல்லின் உருபனியல் கூறுகள், உய்த்துணர் விதிகள் என நான்கு வழிகளில் அது கற்றது. நகரம் எனப்பட்டது விலங்காகாது என்பன போன்ற கட்டுப்பாடுகள் பிழைகளைத் தடுத்தன.

எனினும் அத்தடை முழுமையானதன்று. 67 நாட்களில் திரட்டிய 2,42,453 கூற்றுகளில் ஏறத்தாழ 74 விழுக்காடே சரியானவை என மதிப்பிடப்பட்டது. முதல் 22 சுற்றுகளில் 90 விழுக்காடாக இருந்த சரிநிலை, இறுதி 22 சுற்றுகளில் 57 ஆகக் குறைந்தது. ‘குக்கி’ என்னும் ஆங்கிலச் சொல் இனிப்பு ரொட்டியையும், இணைய உலாவி கணிப்பொறியில் சேமிக்கும் சிறு பதிவையும் குறிக்கும். இணையக் குக்கியை அடுமனைப் பண்டம் எனக் கொண்ட நெல், அதைப் போலவே ‘அழிக்கப்படும்’ கணிப்பொறிக் கோப்புகளையும் அவ்வகையில் சேர்த்தது. ஒரு பிழை மற்றொன்றுக்குச் சான்றாயிற்று. எனவே தொடக்க மாதங்களுக்குப் பின்னர், ஆய்வாளர்கள் ஒவ்வொரு வகைமையையும் சில நிமிடங்கள் பார்வையிட்டுத் திருத்தலாயினர். பெயர்த்தொடரையும் அது சுட்டும் கருத்தையும் வேறுபடுத்தும் முறையும் சேர்க்கப்பட்டது.

2018 அளவில், நம்பக அளவு குறிக்கப்பட்ட 12 கோடி கூற்றுகளை நெல் திரட்டியிருந்தது. ஆயினும் இவ்வரலாறு உணர்த்துவது எண்ணிக்கையின் சிறப்பை அன்று. ஒரு சொல் ஓரிடத்தில் எப்பொருளில் நிற்கிறது எனத் தெளிதல் மொழிபெயர்ப்பாளரின் முதற்பணி. அத்தெளிவின்றிப் படிக்கும் பொறிக்கு, மிகுதியாகப் படிப்பதே பிழை பெருகும் வழியாகிவிடும்.