மங்கிய தோட்டம், தெளிந்த மலர்

தோட்டத்து மலரொன்றை அண்மையில் நின்று படமெடுக்கையில், அம்மலர் மட்டும் தெளிவுற்று, பின்னுள்ள இலையும் வேலியும் சுவரும் கரைந்த வண்ணத் திட்டுகளாக விழுவது இன்று அழகெனப் போற்றப்படுகிறது. நாட்காட்டிகளும் வாழ்த்து அட்டைகளும் இத்தகைய படங்களால் நிறைந்துள்ளன. ஆனால் இதே மங்கலைப் பிழையென்று தள்ளிய காலமும், கொள்கையென்று ஏற்ற காலமும், பகையென்று எதிர்த்த காலமும் உண்டு. மலர்ப்படத்தின் வரலாறு ஒருவகையில், எதைக் காட்டாது விடலாம் என்னும் நெடிய வழக்கின் வரலாறாகும்.

வழக்கின் வேர் ஒளியியலில் உள்ளது. லென்ஸ் ஒரு குறிப்பிட்ட தொலைவிலுள்ள பொருளையே முழுத் தெளிவுடன் வரையும். அத்தொலைவிற்கு முன்னும் பின்னும் தெளிவாகவே தோன்றும் சிறு இடைவெளி ஒன்று உண்டு. அதனைத் தெளிவாழம் எனலாம். லென்சின் துளையை அகலத் திறந்தால் தெளிவாழம் குறுகும். துளையைச் சுருக்கினால் விரியும். பொருளை நெருங்கினாலும் அது குறுகும். எனவே மலையைப் படமெடுப்பவர்க்கு எளிதாவது மலரைப் படமெடுப்பவர்க்கு அரிதாகிறது. 35 மி.மீ. படச்சுருளில் ஒரு பூவை அதன் உண்மை அளவிலேயே பதிவு செய்யின், துளை எண் 8 ஆக இருந்தாலும் தெளிவாழம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே. செம்பருத்தியின் சூல்முடி தெளிந்தால் இதழ் மங்கும். இதழ் தெளிந்தால் சூல்முடி மங்கும். மலர்ப்படத்திற்கு மங்கல் அழையாது வந்த விருந்து.

துளையை நன்கு சுருக்கிவிடலாமே எனலாம். துளை சுருங்கினால் ஒளி குறையும். ஒளி குறைந்தால் தகடு நெடுநேரம் திறந்திருக்க வேண்டும். அதற்குள் காற்று காம்பை அசைத்துவிடும். போதாக்குறைக்குத் தொடக்ககாலத் தகடுகள் நீல ஒளியையே பெரிதும் உணர்ந்தன; செம்மலரும் மஞ்சள் மலரும் கருத்தே விழுந்தன. சாயம் சேர்த்து இக்குறையைக் களையும் வழியை ஜெர்மானிய அறிஞர் ஃபோகல் 1873இல் கண்டார். இவ்விடர்களுக்கிடையே மலரைத் தோட்டத்திலிருந்து பறித்துக்கொண்டு வருவதே எளிய வழியாயிற்று. துணி வடிவமைப்பாளரான அடால்ஃப் பிரான், பிரான்சின் அல்சாஸ் பகுதியில் பறித்த மலர்களைக் கொத்தும் மாலையுமாக அடுக்கி ஏறத்தாழ 300 படங்கள் எடுத்தார். அவை 1855ஆம் ஆண்டின் பாரிஸ் உலகக் கண்காட்சியில் இடம்பெற்றன. துணியில் அச்சிடும் பூவேலைக்கு மாதிரியாகவே அவை எடுக்கப்பட்டன. மாதிரிக்கு மங்கல் ஆகாது.

மங்கலைத் தானே விரும்பித் தேர்ந்தவர்களுள் முதன்மையாகச் சுட்டத்தக்கவர் ஜூலியா மார்கரெட் கேமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்த இவர், தம் 48ஆம் அகவையில் மகள் அளித்த கேமராவைக் கொண்டு இங்கிலாந்தின் வைட் தீவில் தொழிலைத் தொடங்கினார். கோழிகள் அடைந்திருந்த கண்ணாடிக் கொட்டிலே இவருடைய படக்கூடம். லென்சைத் திருப்பிவரும்போது உருவம் அழகுற்ற இடத்திலேயே இவர் கையை நிறுத்தினார். மேலும் கூர்மை தேடவில்லை. குவியம் அறியாதவர் என்று அக்காலத் தொழிலறிஞர் எள்ளினர். இவர் வரைந்தவை மனித முகங்களே. ஆயினும் மங்கல் ஒருவர் விருப்பத்தின் விளைவாகலாம் என்பதை நிறுவியவர் இவர். 1875இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 1879இல் அங்கேயே மறைந்தார்.

விருப்பத்தைக் கொள்கையாக்கியவர் மருத்துவம் பயின்ற பீட்டர் ஹென்றி எமர்சன். மனிதக்கண் பார்வையின் நடுவிடத்தை மட்டுமே கூர்ந்து காண்கிறது. ஏனையவற்றை மென்மையாகவே உணர்கிறது. ஆதலின் படமும் அவ்வாறே அமைதல் வேண்டும் என்று 1889இல் வெளியிட்ட தம் நூலில் வாதிட்டார். அவர் இட்ட வரம்பு ஒன்று உண்டு. பொருளின் கட்டமைப்பே அழியுமளவு மங்கல் மிகுதல் கூடாது என்பதே அது. பின்வந்தோர் கொள்கையைப் பற்றிக்கொண்டு வரம்பை மறந்தனர். இங்கிலாந்தின் நார்ஃபோக் நீர்நிலைகளில் அவர் எடுத்து 1886இல் வெளிவந்த அல்லி பறிக்கும் படத்தில் மலரும் படகும் பறிப்பவளும் நீர்ப்பரப்பும் பிரியாது நிற்கின்றன. 1890இலோ அவர் தம் கருத்தையே மாற்றி, ஒளிப்படம் கலையாகாது என்று, துக்கச் செய்திபோல் கருங்கரையிட்ட சிறு வெளியீட்டின்வழி அறிவித்தார். கொள்கை அவரைவிட்டுப் போய்ப் பிறரிடம் வளர்ந்தது.

அடுத்த தலைமுறை அமெரிக்கருள் ஒரு சாரார் மங்கலை வெறுத்தனர். 1932 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோவின் டி யங் அருங்காட்சியகத்தில் படங்களைக் காட்சிக்கு வைத்த குழுவினர், மிகச் சிறிய துளையின் எண்ணையே தம் பெயராக்கி ‘எஃப் 64 குழு’ என வழங்கினர். முன்னிருந்து பின்வரை எல்லாம் கூர்மை என்பதே அவர்தம் முழக்கம். அவர்களுள் ஒருவரான இமோஜன் கன்னிங்ஹாம் வேதியியல் பயின்றவர்; 1909இல் டிரெஸ்டன் சென்று ஒளிப்பட வேதியியல் கற்றவர். 1915இல் ஒரு மகனும் 1917இல் இரட்டையரும் பிறந்தபின் வீட்டைவிட்டு அகல இயலாத நிலையில், குழந்தைகள் விளையாடும் தோட்டத்துச் செடிகளையே படமெடுத்தார். 1925ஆம் ஆண்டின் மக்னோலியா மலர் அவ்வாறு பிறந்தது. சட்டம் முழுதும் விரிந்த வெண்ணிதழ்களின் நடுவே மகரந்தத் தாள்களும் சூலகங்களும் எண்ணத்தக்க தெளிவுடன் நிற்கின்றன. வீட்டுக்கடமைக்கும் கலைக்கும் இடையே ஒரு பெண் கண்ட ஒதுக்கிடம் உலகத்தரமான படமாயிற்று என்பதை வரலாற்றாசிரியர் சிலர் போகிறபோக்கில் கூறிச் செல்வது முறையன்று; அதுவே அப்படங்களின் பிறப்பிடம்.

ஆனால் அம்மக்னோலியாவைச் சூழ்ந்த தோட்டம் எங்கே? படத்தில் அதற்கு இடமில்லை. இங்கிலாந்தில் சார்லஸ் ஜோன்ஸ் என்னும் தோட்டக்காரர் தாம் வளர்த்த காய்களையும் கனிகளையும் மலர்களையும் வெறுந்திரையின் முன் நிறுத்திப் பதிந்த அரிய படங்கள் 1981இல் லண்டன் சந்தையொன்றில் ஒரு பெட்டியுள் கண்டெடுக்கப்பட்டன. மண்ணில் உழைத்த அவரும் மண்ணைக் காட்டவில்லை. மங்கலை விரும்பியோர் தோட்டத்தைக் கரைத்தனர். கூர்மையை விரும்பியோர் அதனை வெட்டி நீக்கினர். எதிரெதிர் நின்ற இரு சாராரும் இதில் ஒன்றுபட்டனர். நிலத்திற்கே மலரின் பெயரை இட்டு, கருப்பொருளை முதற்பொருளோடு பிணைத்துப் பார்க்கும் அகமரபில் தோய்ந்தவர்க்கு இது உறுத்தும். நிலம் தெரியாத குறிஞ்சி வெறும் நீலப்பூவே. எமர்சன் வரைந்த வரம்பின் அருமை இங்கே புலப்படும். மங்கினாலும் வேலி வேலியாகவும் வரப்பு வரப்பாகவும் உணரப்படும் படமே மலருக்கு ஊரைத் தருகிறது.

பின்னர்க் கருவிகள் மங்கலை எளிதாக்கின. டிரெஸ்டனில் 1936இல் உருவான கினே எக்சாக்டா, லென்ஸ் வழியே நேராகப் பார்க்கும் வசதியை 35 மி.மீ. படச்சுருளுக்குக் கொண்டுவந்தது, பின்னணி கரைவதை எடுக்கும் முன்னரே காண முடிந்தது. 1955இல் கில்ஃபிட்டின் அண்மைப்பட லென்ஸ் வந்தது. மங்கலின் தன்மையைக் குறிக்கும் ஜப்பானியச் சொல் ‘போக்கே’ 1997இல் அமெரிக்க இதழொன்றின் வழியே ஆங்கிலத்தில் பரவியது. லென்சுகள் கூர்மைக்காக மட்டுமன்றி, மங்கலின் குழைவுக்காகவும் மதிப்பிடப்படலாயின.

2016இல் வெளிவந்த ஐபோன் 7 பிளஸ், இரு லென்சுகளின் பார்வை வேறுபாட்டால் தொலைவைக் கணக்கிட்டு, ஒளியியல் தராத மங்கலைக் கணக்கால் வரைந்தது. இம்முறை பரவியபின், துளையை அறியாதவரும் பின்னணியைக் கரைக்கலாம். எடுத்த பின்னரும் மங்கலைக் கூட்டலாம், குறைக்கலாம். முகங்களில் இது பெரும்பாலும் பிழைபடுவதில்லை. மலர்களிலோ மகரந்தத் தாளின் மெல்லிழையும் இதழோரத்துச் சுணையும் பின்னணியோடு சேர்த்து எண்ணப்பட்டு அழிந்துபோவதுண்டு.