கடன் கொடுத்தோரைத் தேடிய மைந்தர்

ஜனாஸாத் தொழுகைக்கு ஸஃபுகள் அணிவகுத்து நிற்கும்போது, மறைந்தவரின் மகனோ உடன்பிறந்தாரோ முன்வந்து, அன்னாரிடம் எவருக்கேனும் கொடுக்கல் வாங்கல் இருப்பின் தம்மிடம் தெரிவிக்குமாறு அறிவிப்பது நம் ஊர்களில் வழக்கம். பெரும்பாலும் எவரும் வாய் திறப்பதில்லை. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் இவ்வறிவிப்பை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து செய்தார் ஒருவர். ஸஹீஹுல் புகாரியில் விரிவாக இடம்பெற்றுள்ள வரலாறு அது.

அவர் ஹலரத் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி). தந்தை ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி), அண்ணலாரின் அத்தை ஸஃபிய்யா நாயகியின் புதல்வர். சுவனத்து நற்செய்தி பெற்ற பதின்மருள் ஒருவர். ஆளுநர் பதவியோ வரி வசூலிக்கும் பொறுப்போ அவர் என்றும் ஏற்றதில்லை. அத்தகையவருக்கு மலைபோல் கடன் சேர்ந்தது எங்ஙனம்?

மக்கள் அவரிடம் பணத்தை அமானிதமாக ஒப்படைக்க வருவர். அமானிதமாக வேண்டாம், கடனாகவே ஏற்கிறேன் என்பார் அவர். அமானிதப் பொருள், காப்பவரின் குற்றமின்றித் தொலைந்துபோனால் அவர் ஈடு செய்ய வேண்டியதில்லை. கடனோ எந்நிலையிலும் திருப்பித் தந்தே ஆக வேண்டியது. பிறர் பொருள் வீணாகிவிடலாகாது என்றஞ்சிப் பாரத்தைத் தம் தோளில் ஏற்றிக்கொண்டார். ஆடம்பரத்தால் விளைந்த கடனன்று அது.

ஹிஜ்ரி 36இல் (கி.பி. 656) ஜமல் போர் நாளன்று மைந்தரை அழைத்து, இன்று நான் கொல்லப்படுவேன் எனக் கருதுகிறேன், என் பெருங்கவலையெல்லாம் கடன் பற்றியதே என்றார். சொத்தை விற்றுக் கடனைத் தீர்க்கச் சொன்னார். இயலாவிடில் தம் மவ்லாவிடம் உதவி தேடுமாறு கூறினார். மவ்லா யார் என்று மைந்தர் வினவ, அல்லாஹ் என்று விடை வந்தது. அன்றே அவர் கொல்லப்பட்டார். கணக்கிட்டபோது கடன் 22 இலட்சம்! ரொக்கமாக ஒரு காசும் இல்லை. நிலங்களும் வீடுகளுமே இருந்தன.

முதியவரான ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) கடன் எவ்வளவு என்று விசாரித்தபோது, அப்துல்லாஹ் ஓர் இலட்சம் என்றார். 22 இலட்சத்துள் ஓர் இலட்சமும் அடக்கம்தானே. தந்தையின் மானத்தை மறைத்த மகனின் சொல் அது. அதற்கே ஹகீம் மலைத்துப்போனார்.

மதீனாவுக்கு அருகே ‘ஃகாபா’ என்னும் நிலத்தை ஸுபைர் 1,70,000க்கு வாங்கியிருந்தார். அதனை 16 இலட்சமாக மதிப்பிட்டு, கடன் கொடுத்தோரை அங்கேயே வரச்சொன்னார் மைந்தர். அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் (ரலி) வந்தார். அவருக்குரியது 4 இலட்சம். விட்டுவிடட்டுமா என்றார், வேண்டாம் என்றார் மகன். தவணை தரட்டுமா என்றார். அதுவும் வேண்டாம் என்றார். முடிவில் அத்தொகைக்கு நிலத்தையே அளந்து கொடுத்தார்.

கடனெல்லாம் தீர்ந்தது. சகோதரர்கள் பாகப்பிரிவினை கேட்டனர். கேட்டதில் தவறில்லை; கடன் போக எஞ்சியது வாரிசுகளுக்குரியதுதான். ஆயினும் அப்துல்லாஹ் இசையவில்லை. நான்கு ஹஜ்ஜுக் காலங்களில், ஸுபைரிடம் கடன் வரவேண்டியவர் எம்மிடம் வருக, நாம் தீர்ப்போம் என்று ஆண்டுதோறும் அறிவிக்கச் செய்தார். தொலைதூர நாட்டில் ஒருவர் இருப்பின், அவர் காதுக்குச் செய்தி எட்டி, அவர் வந்துசேரக் காலம் வேண்டாமா?

இன்று நிலை தலைகீழ். பழங்கடனைக் கேட்டு வருபவரிடம் காலாவதி ஆகிவிட்டது என்கிறோம். 1963ஆம் ஆண்டின் இந்தியக் காலவரையறைச் சட்டப்படி சாதாரணக் கடனுக்கு மூன்றாண்டுக்குப் பின் வழக்குத் தொடுக்க இயலாது என்பது மெய்யே. ஆனால் வழக்குமன்றக் கதவு அடைபடுகிறதே ஒழிய, கடன் அழிவதில்லை. உதுமானியர் 1869 முதல் 1876 வரை தொகுத்த ‘மஜல்லா’ சட்டநூலும், 15 ஆண்டு கடந்த வழக்குகள் பொதுவாக விசாரிக்கப்படா என்று கூறியதோடு, காலம் கடந்ததால் உரிமை வீழாது என்றும் விதித்தது.

நான்காண்டுக்குப் பின் பாகம் பிரிந்தது. மனைவியர் நால்வருக்கும் தலைக்கு 12 இலட்சம் கிட்டியது. மொத்தச் சொத்து 5 கோடியே 2 இலட்சம் என்கிறது அறிவிப்பு. ஆனால் மனைவியரின் எட்டில் ஒரு பங்கை வைத்து, வஸிய்யத்தையும் கடனையும் கூட்டிப் பார்த்தால் 5 கோடியே 98 இலட்சம் வருகிறது! இம்முரண்பாடு விரிவுரையாளர்களை வெகுவாகச் சிந்திக்க வைத்திருக்கிறது. அறிவித்துக் காத்திருந்த அந்நான்கு ஆண்டுகளில் நிலங்கள் ஈந்த விளைச்சலே அம்மிகுதி என்பது அவர்களுள் சிலர் கண்ட விளக்கம்.