மருந்தைத் தேடிய காலம்

எங்கள் ஊரான கம்பத்தில் இறால் குளம் கிடையாது. ஆனாலும் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை என்பதால்தான், 1994-95இல் கடற்கரையில் நடந்தது எனக்குச் சீக்கிரம் விளங்கியது.

அப்போது நாகப்பட்டினம் பக்கம் ஓர் இறால் பண்ணையில் டெக்னீஷியனாக இருந்தேன். அதற்கு முன் இறால் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில் வேலை. அங்கே எல்லோரும் அஞ்சியது விப்ரியோ ஹார்வேயி என்ற பாக்டீரியாவுக்கு. அது தொற்றிய குஞ்சுகள் இருட்டில் நீலப்பச்சையாக ஒளிரும். விடிந்தால் தொட்டி அடியில் செத்துப் படிந்திருக்கும். ஆன்டிபயாடிக் ஊற்றினால் சில தொட்டிகளாவது தப்பும். எந்த நோய்க்கும் மருந்து உண்டு என்ற நம்பிக்கை தொழிலில் ஊறியது அப்படித்தான்.

பிறகு வந்தது வெள்ளைப்புள்ளி நோய். தைவான், சீனக் குளங்களை அழித்த வைரஸ் ஆந்திரத்திலும் நம் கடற்கரையிலும் இறங்கியது. இறால் தின்கிறதா என்று பார்க்கக் குளத்தில் இறக்கும் செக் ட்ரேயில் போட்ட தீனி அப்படியே கிடக்கும். டைகர் இறால் சோர்ந்துபோய்க் கரையோரம் ஒதுங்கும். தலை ஓட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். மூன்று முதல் பத்து நாளுக்குள் குளமே காலி. கடன் வாங்கி மருந்து மூட்டைகளைக் கொட்டினார்கள். பார்க்கவே வயிறு எரியும். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் எப்படிக் கேட்கும்? நம்மைப் போல எதிர்ப்பொருள் சுரக்கும் உடம்பும் இறாலுக்கு இல்லை. அதனால் தடுப்பூசி வழியும் அடைபட்டது.

ஏலத்தில் கட்டே என்றொரு வைரஸ் நோய் உண்டு, அசுவினி பரப்புவது. இலையில் வெளிர்பச்சைக் கோடு தெரிந்தால் எங்கள் தாத்தா மருந்து தேடமாட்டார். தூரோடு பிடுங்கி அழித்துவிட்டு, நோயில்லாத தோட்டத்து நாற்றைத்தான் நடுவார். இறால் ஆராய்ச்சியும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நின்றது. சென்னையில் 1987இல் தொடங்கிய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனமான சிபா, வெள்ளைப்புள்ளி வைரஸைக் காட்டிக்கொடுக்கும் பி.சி.ஆர். சோதனைக் கிட்டை உருவாக்கியது. புள்ளி தெரியும் முன்பே, தாய் இறாலிலும் குஞ்சிலும் வைரஸைப் பிடித்துவிடலாம். எந்த மருந்தையும்விட இதையே பெரிய காரியமாக மதிக்கிறேன். கூடவே வைரஸ் குளத்துக்குள் நுழையாமலிருக்க நண்டு வேலி, பறவை வலை, தண்ணீரைத் தேக்கி பிளீச்சிங் போட்டு விடும் பழக்கம் எல்லாம் வந்தன.

கடலில்லாத ஊர்க்காரன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. நன்னீர் இறாலைக் கொல்லும் வெண்வால் நோய்க்கு, உலக விலங்கு சுகாதார அமைப்பு அங்கீகரித்த ஆய்வகம் அமைந்தது மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரியில். பேராசிரியர் சாகுல் ஹமீதும் மாணவர்களும் அந்த உள்நாட்டு ஊரிலிருந்தே அதைச் சாதித்தார்கள்.

2009இல் வன்னாமி என்ற இறால் வகை வளர்ப்புக்கு வந்தது. வெளிநாட்டுத் தாய் இறாலைச் சென்னை நீலாங்கரையில் தனியே வைத்துச் சோதித்த பின்பே ஹேச்சரிக்கு அனுப்பினார்கள். வெள்ளைப்புள்ளி அடியோடு போய்விடவில்லை. ஆனால் சுத்தமான குஞ்சு கிடைத்தது. இப்போது வளர்ச்சியைக் குறுக்கும் இ.எச்.பி. என்ற நுண்ணுயிரி படுத்துகிறது. அதற்கும் மருந்தில்லை. குளத்தைக் காயவைத்து, ஹெக்டேருக்கு 6 டன் சுட்ட சுண்ணாம்பு போட்டு உழுது, ஈரம் காட்டி அதன் வித்துகளைக் கொல்ல வேண்டியிருக்கிறது.