மடத்து நண்டுகள்

துறவி நண்டு என்பது ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழாக்கியது. காலிச் சங்குக்குள் தனியாக ஒடுங்கிக் கிடக்கும் உயிரைப் பார்த்தால் குகைக்குள் உட்கார்ந்திருக்கும் முனிவர் நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் தரையில் வாழும் துறவி நண்டுகளுக்கு 1829இல் அறிவியல் பெயர் வைத்தவர் வேறொரு சொல்லைத் தேர்ந்தெடுத்தார்.

அவர் பிரெஞ்சு விலங்கியலாளர் பியேர் ஆந்த்ரே லத்ரேய். பாதிரியாராகப் பட்டம் பெற்றவர். பிரெஞ்சுப் புரட்சியில் சிறைக்குப் போனார். அங்கே தரையில் ஊர்ந்த ஓர் அரிய வண்டை அவர் அடையாளம் கண்டுகொண்டது வெளியே இருந்த இயற்கை ஆர்வலர்களை எட்டி, கடைசியில் அவர் விடுதலைக்கே வழியானது. அவர் இந்த நண்டுகளுக்கு வைத்த பெயர் ‘கோயனோபிட்டா’. மடத்தில் கூடி வாழும் துறவி என்று பொருள். கிறிஸ்தவ மரபில் பாலைவனத்தில் தனியே வாழும் துறவி வேறு, மடத்துத் துறவி வேறு. ஒரு பாதிரியாருக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இருக்காது.

அந்தப் பெயர் எவ்வளவு சரி என்பது தெரிய ஒன்றரை நூற்றாண்டு ஆனது.

துறவி நண்டின் முன்பாதிக்குத்தான் கெட்டி ஓடு. பின்னால் இருக்கும் வயிறு மெத்தென்று, சங்கின் சுருளுக்குத் தோதாக வளைந்திருக்கும். இரவல் வீடு இல்லாமல் அதனால் பிழைக்க முடியாது. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அம்மோனைட் ஓட்டுக்குள்ளேயே ஒரு துறவி நண்டின் புதைபடிவம் கிடைத்திருக்கிறது. அந்தக் கடல்வாசிகளின் வழியில் வந்த ஒரு குடும்பம் பிற்பாடு கரையேறியது. கோயனோபிட்டாவில் சுமார் 17 இனங்கள், கூடவே தேங்காய் நண்டு. இவ்வளவுதான் குடும்பம்.

கரையேறினாலும் கடலோடு உறவு அறுபடவில்லை. சங்குக்குள் கொஞ்சம் தண்ணீரைச் சுமந்துகொண்டு செவுள்களை ஈரமாக வைத்திருக்கும். முட்டைகளை விடத் தாய் நண்டு கடலோரம் போயாக வேண்டும். குஞ்சு நீரில் நீந்தி வளர்ந்து, பொடிச் சங்கு ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு நிலத்துக்கு நடந்து வரும். கோடிக்கணக்கான ஆண்டுகளின் இடப்பெயர்ச்சியை ஒவ்வொரு நண்டும் தன் சின்ன வயதில் ஒருமுறை நடந்து முடிக்கிறது.

நிலத்தில் ஒரு சிக்கல் உண்டு: நல்ல சங்கு லேசில் கிடைக்காது. இருப்பதிலும் பெரும்பாலானவற்றில் ஏற்கெனவே ஆள் குடியிருக்கும். 1970இல் ஹாரிசன் வைட் என்ற சமூகவியலாளர், ஒரு பதவி காலியானால் அடுத்தடுத்து எத்தனை பேர் நகர்கிறார்கள் என்று ஆராய்ந்தார். அவர் எடுத்துக்கொண்ட ஆட்கள் அமெரிக்கத் திருச்சபைகளின் போதகர்கள்! 1980களில் ஐவன் சேஸ் அதே சங்கிலியைக் கடலோரத் துறவி நண்டுகளிடம் கண்டார். பெரியது ஒன்று புதுச் சங்குக்கு மாறினால், அது விட்டதை அடுத்தது பிடிக்கும், அது விட்டதை அதற்கடுத்தது. சென்னையில் வாடகை வீடு தேடியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

தரை நண்டுகள் இன்னும் ஒரு படி மேலே போயின. சங்கின் உட்சுவரைத் தேய்த்து இடத்தைப் பெரிதாக்கி, எடையைக் குறைக்கின்றன. அப்படிச் செதுக்கிய சங்கு தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிறது. அதனால் ஒரு நண்டு செத்து வாடை வந்தால் மற்றவை கூடிவிடுகின்றன. அந்த வாடைக்கு அர்த்தம் ஒன்றுதான்: வீடு காலி.

இந்த மடத்திலிருந்து வெளியேறியது தேங்காய் நண்டு மட்டும்தான். சின்ன வயதில் சங்கு சுமக்கும். பிறகு அதைக் கழற்றிவிட்டு, தன் வயிற்றையே கெட்டியாக்கிக்கொண்டு 4 கிலோ வரை வளரும். 1767இல் லின்னேயஸ் அதற்குத் திருடன் என்று பொருள்படும் ‘லாட்ரோ’ என்ற பெயரை வைத்தார். 1836 ஏப்ரலில் இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளில் இறங்கிய டார்வின், அது தேங்காய் நாரை உரித்து, கண்கள் இருக்கும் பக்கத்தில் கொடுக்கால் தட்டித் திறக்கும் விதத்தை அங்கே குடியிருந்த ஒருவரிடம் கேட்டு எழுதிவைத்தார். கடற்கரையில் எடுத்த சங்குகளைச் சுமந்து திரியும் துறவி நண்டுகளையும் அவர் கவனிக்காமல் விடவில்லை.

அதே கோகோஸ் தீவுகளைப் பற்றி 2019இல் ஒரு ஆய்வு வந்தது. கரை ஒதுங்கிய பிளாஸ்டிக் பாட்டில்களுக்குள் நண்டு ஏறிவிடுகிறது. வழுக்கும் சுவரில் திரும்ப ஏற முடியாமல் உள்ளேயே சாகிறது. வாடை பரவுகிறது. வீடு காலி என்று அடுத்தது வருகிறது. அதற்கடுத்ததும். ஒரே கொள்கலனில் 526 நண்டுகள் கிடந்தன. அந்தத் தீவுகளில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 5,08,000 நண்டுகள் இப்படிச் சாவதாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

என் தொழிலில் நிரல் உடைந்தால் முதலில் அதில் பிழை தேடுவோம். இங்கே பிழையே இல்லை. எத்தனையோ லட்சம் ஆண்டுகளாக வேலை செய்த செய்தி இன்றும் சரியாகத்தான் போய்ச் சேர்கிறது. தனியாக வாழும் பிராணி என்றால் அந்த பாட்டிலில் ஒன்றோடு முடிந்திருக்கும். கூடி வாழப் பழகியதால்தான் 526.