மோட்டார் சைக்கிள் பக்கக் கண்ணாடி: கழற்றலும் பூட்டலும்

2009 இல் முள்ளிவாய்க்காலில் விழுந்த ஷெல்லோடு என் வலது காது போய்விட்டது. ஏ9 வீதியில் பின்னால் வரும் பஸ்ஸை வலப்பக்கக் கண்ணாடியில் பார்த்துத்தான் அறிகிறேன். அது ஆடத் தொடங்கினால் அன்று ஓட்டமில்லை. அதனால் கழற்றிப் பூட்டப் பழகிக்கொண்டேன்.

தண்டின் அடியிலுள்ள ரப்பர் உறையை மேலே தள்ளினால் பூட்டு நட்டு தெரியும். பெரும்பாலும் 14 ஆம் நம்பர் சாவி பொருந்தும். தண்டை அசையாமல் பிடித்து நட்டை இளக்குங்கள்; பிறகு தண்டைக் கையாலேயே சுழற்றி எடுக்கலாம். வழமையாக மணிக்கூட்டு முள்ளுக்கு எதிராகத் திருப்பினால் கழலும்.

யமஹா வண்டிகள் பலவற்றில் வலப்பக்கத்துக்கு மட்டும் மறுபுரி. நட்டும் தண்டும் முள் சுற்றும் பக்கமாகவே கழலும். முன்னாலிருந்து ஏதும் மோதினால் முறியாமல் இளகிச் சுழலட்டும் என்ற ஏற்பாடு. இது தெரியாமல் நான் பலத்தைப் பாவித்து, பிறேக் பிடியோடு சேர்ந்த அலுமினியத் துளையின் புரியையே உரித்துவிட்டேன். கண்ணாடியைவிட அதற்குத்தான் செலவு.

பூட்டும்போது புரியைத் துடைத்து, துளி கிறீஸ் பூசி, முதல் சுற்றுகளைக் கையால் மட்டும் ஏற்றுங்கள். சீற்றில் அமர்ந்து கோணத்தைச் சரிபார்த்த பின்பே நட்டை இறுக்குங்கள். முழங்கை ஓரத்தில் சற்றுத் தெரிந்தால் போதும், மிச்சமெல்லாம் வீதியாக இருக்கவேண்டும்.

புதியது வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். குவிந்த கண்ணாடியில் வாகனம் உள்ளதைவிடத் தூரத்தில் தெரியும். தட்டைக் கண்ணாடிக்குப் பழகியவர்கள் முதல் சில நாட்கள் மெதுவாக ஓடுங்கள்.