தேவர் உணவு மாத்தளைக்கு வந்த கதை

கொக்கோ மரத்துக்குத் தாவரவியலார் வழங்கும் பெயர் ‘தியோபுரோமா ககாவோ’. முதற்சொல்லுக்குக் கிரேக்க மொழியில் ‘தேவர் உணவு’ என்பது பொருள். 1753ஆம் ஆண்டில் சுவீடன் அறிஞர் லினேயஸ் சூட்டிய பெயர் இது. நம்மவர் வழக்கில் அதனை அமுதம் எனலாம். பாற்கடலைக் கடைந்தோர் இரு சாரார். அமுதுண்டோர் ஒரு சாரார். கொக்கோவின் வரலாறும் ஏறக்குறைய அத்தகையதே.

மெக்சிக்கோவின் ஆதி மக்கள் கொக்கோ விதையை வறுத்து அரைத்து, நீரிற் கலந்து, நுரை பொங்க ஆற்றிப் பருகினர். அது சடங்குக்குரிய பானமாகவும் மருந்தாகவும் இருந்தது. ஸ்பானியர் வழியாக ஐரோப்பா சென்ற பின்னரே சீனியோடு சேர்ந்து இனிப்புப் பண்டமாயிற்று.

எங்கள் மாத்தளைக்கு இம்மரம் வந்ததற்குக் கோப்பியின் வீழ்ச்சியே காரணம். 1869இல் இலங்கையிற் காணப்பட்ட இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தது. துரைமார் தேயிலையையும் சிங்கோனாவையும் கொக்கோவையும் நாடினர். குளிர்ந்த உயர்மலை கொக்கோவுக்கு ஒவ்வாது; வெப்பமும் நிழலும் வேண்டும். ஆகவே தும்பறைப் பள்ளத்தாக்கும் மாத்தளையும் அதற்கு ஏற்ற இடங்களாயின. தும்பறையில் இப்பயிரை வளர்த்த முன்னோடிகளுள் ஆர்.பி. டைட்லர் குறிப்பிடத்தக்கவர்.

துரைமாரின் பெயர்களை ஏடுகள் சொல்கின்றன. மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியே காடு கடந்து மாத்தளைக்கு நடந்து வந்த நம் முன்னோரின் பெயர்களை எந்த ஏடு சொல்கிறது? நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். கொக்கோக் காயை உடைத்து, விதையைப் புளிக்க வைத்து, கழுவிக் காயவைத்தவை தொழிலாளரின் கைகள். அந்த விதை சொக்கலேற்றாக மாறியதோ கடல் கடந்த நாடுகளில்.

கொக்கோ உடலுக்கு நல்லதா என இப்போது பலரும் கேட்கின்றனர். பனாமாவின் தீவுகளில் வாழும் கூனா மக்கள் கொக்கோப் பானத்தை மிகுதியாக அருந்துவதையும், அவர்களிடம் உயர் இரத்த அழுத்தம் அரிதாயிருப்பதையும் ஹார்வர்ட் ஆய்வாளர் ஹொலன்பேர்க் 1990களில் எடுத்துக்காட்டினார். கொக்கோவிலுள்ள பிளவனோல் என்னும் பொருள் இரத்தக் குழாய்களைத் தளரச் செய்கிறது. அமெரிக்காவில் 21,442 பேரிடம் நடந்த ‘கொஸ்மொஸ்’ ஆய்வின் முடிவுகள் 2022இல் வெளியாயின. கொக்கோச் சாறு உட்கொண்டோரிடையே இதயநோய் மரணங்கள் 27 வீதம் குறைந்திருந்தன. எனினும், மாரடைப்பு முதலிய பாதிப்புகளை மொத்தமாகக் கணக்கிட்டபோது உறுதியான வேறுபாடு தெரியவில்லை. அவர்கள் உட்கொண்டதும் நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் பிளவனோல் கொண்ட மாத்திரையே; இனிப்புக் கட்டியன்று. சீனியும் கொழுப்பும் சேர்ந்த கடைச் சொக்கலேற்றை மருந்தென்று எண்ணி உண்பது பேதைமை.

மாத்தளையில் இன்றும் மிளகுக்கும் பாக்குக்கும் இடையே கொக்கோ காய்க்கிறது. அதன் நலத்தை ஆராய்வோர் ஆராயட்டும். அதனைப் பயிரிட்டுப் பேணிய மக்களின் வரலாற்றை எழுதும் கடமை நமக்குரியது. முதியோர் நினைவில் எஞ்சியிருப்பதை இளையோர் இப்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும். தமிழ் கற்பிக்கும் நான் என் மாணவரிடம் வேண்டுவதும் இதுவே.